புழு வரும் வாரம்

ஆற்றங்கரைத் தேக்கு மரங்களுக்கு எந்த வாரம் புழு வரும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் அப்போது என் வேலை. வெண்ணாற்றின் கிளை ஒன்றின் கரையில் வனத்துறை வெகுகாலத்துக்கு முன் நட்ட தேக்குகள், சில இடங்களில் ஒற்றை வரிசையாகவும் சில இடங்களில் அடர்ந்த தோப்பாகவும் கிழக்கு நோக்கி நீண்டுகொண்டே போகும். கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயலாக இருக்கும் அந்த நாட்டில் காடு என்று சொல்லத்தக்கது அந்தப் பட்டை ஒன்றுதான்.

கோடை மழைக்குப் பிறகு தேக்கு தளிர்விடும்போது ஒரு சிறிய அந்துப்பூச்சி கூட்டமாக வந்து முட்டையிடும். பொரித்து வரும் புழுக்கள் இலைகளைத் தின்று நரம்புகளை மட்டும் விட்டுவைத்துவிட்டு, நூல்விட்டு மண்ணில் இறங்கும். அவை மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மறுபடி அந்தாகி, எங்கோ பறந்து போகும். எப்போது, எங்கே, எவ்வளவு என்று தெரிந்தால் முன்கூட்டியே மருந்தடிக்கலாம் என்பது ஆராய்ச்சி நிலையத்தின் எண்ணம். அதற்காகக் கரை நெடுக இனக்கவர்ச்சிப் பொறிகளைத் தொங்கவிட்டிருந்தோம். பச்சைப் பிளாஸ்டிக் புனல், அதன் கீழே ஒரு பை, மேலே ஒரு மூடி. மூடிக்கு அடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு ரப்பர் துண்டு இருக்கும். அதில் பெண் அந்துவின் வாசனையைச் செயற்கையாக ஏற்றியிருப்பார்கள். மனித மூக்குக்கு எட்டாத அந்த வாசனையைத் தேடி ஆண் அந்துகள் வந்து பையில் விழும். வாரந்தோறும் பையைக் கழற்றி எண்ணுவேன். அந்த எண்ணிக்கையையும் மழையையும் தளிர்விட்ட நாளையும் காற்றின் திசையையும் சேர்த்து, நிலையத்தில் இருந்த ஒரே கணினியில், வரும் வாரங்களுக்கான ஒரு கணித மாதிரியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

முதுகலை முடித்து வந்த புதிது. சமூகத்துக்குப் பயன்படாத அறிவு எதற்கு என்று விடுதி அறையில் மணிக்கணக்காகப் பேசியவள் நான். என் கணக்கு ஒருநாள் மனிதர்கள் மீது போய் விழும் என்று மட்டும் நினைத்ததில்லை.

கரையின் நடுப்பகுதியில், தேக்கு அடர்த்தியாக நிற்கும் இடத்தில், மரங்களுக்குக் கீழே விவசாயத் தொழிலாளர்களின் குடிசைகள் இருந்தன. நிலம் படுகைப் புறம்போக்கு. ஒவ்வொரு ஜமாபந்தியிலும் அவர்கள் பட்டா கேட்டு மனுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் ஏதாவது ஒரு கழகத்தின் வேட்பாளர் வேனில் நின்றபடி பட்டா தருவதாகச் சொல்லிவிட்டுப் போவார். அவர்கள் குடியிருப்பதற்கு அத்தாட்சி, அவர்கள் அங்கே குடியிருப்பது ஒன்றுதான்.

குடிசைகளுக்குப் பின்னால் இருந்த வயல்கள் ஒரு மிராசுதாருக்குச் சொந்தம். அறுவடை இயந்திரங்கள் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. முந்தைய அறுப்பில் கூலியும் இயந்திரமும் சேர்ந்து பெரிய தகராறாகி, செங்கொடிச் சங்கம் வேலைநிறுத்தம் செய்து, குடிசை ஆண்கள் பலர் மீது வழக்கும் பதிவாகியிருந்தது. கரையிலிருந்து இயந்திரம் வயலில் இறங்குவதற்குச் சரிவான இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதன் மேல்தான் முதல் ஏழெட்டுக் குடிசைகள். கூலிச் சண்டையில் குடிசைகள் எரிந்த ஊர் ஒன்று அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. அதன் பெயரை இரு தரப்பாருமே உரக்கச் சொல்வதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

சரிவின் ஓரத்து முதல் குடிசையில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நடவுக்குப் போகிறவள். கையில் ஒரு பெண் குழந்தை. என்னைப் ‘பூச்சிக்காரம்மா’ ஆக்கியவள் அவள்தான். நான் பையைக் கழற்றி அந்துகளை எண்ணும்போதெல்லாம் வந்து நின்றுகொள்வாள்.

“அத்தனையும் ஆம்பளையாங்க?” என்றாள் ஒருநாள்.

“ஆமா. பொம்பளைப் பூச்சியோட வாசனைன்னு நெனச்சு வந்து விழுந்துடும்.”

“பாத்தியாடி, அதுவும் நம்மூரு ஆம்பளைங்க மாதிரிதான்” என்று பக்கத்துக் குடிசைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “இதுல விழுந்துட்டா இங்க புழு வராதுல்ல? போன வருசம் தொட்டிலுக்குள்ளயே விழுந்துச்சுங்க. புள்ள வாயில ஒண்ணு கெடந்துச்சு” என்றாள்.

இந்தப் பொறி எண்ணிக்கைக்குத்தான், காப்பாற்றுவதற்கு இல்லை என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். அவள் கண்ணோ பைக்குள் துடித்துக்கொண்டிருந்த அந்துகளிலேயே இருந்தது.

அந்த ஆண்டு கோடை மழை நன்றாகப் பெய்தது. தளிர் வந்தது. பொறிகளில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஆனால் கரை முழுவதும் ஏறவில்லை. மேற்கேயும் கிழக்கேயும் பைகள் வாரத்துக்கு வாரம் காலியாகிக்கொண்டே வர, குடிசைகளை ஒட்டிய பொறிகள் மட்டும் நிரம்பி வழிந்தன. கணினி அச்சிட்ட வரைபடத்தில் ஆறு ஒரு கோடாகவும், புழு வரக்கூடிய இடங்கள் புள்ளிகளாகவும் இருந்தன. நடுவில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கறுப்புக் கட்டியாகத் திரண்டிருந்தன. எங்கள் அலுவலர் அதை வெகுநேரம் பார்த்தார். “அருமையா வந்திருக்கும்மா. கரை முழுக்க அடிக்க வேண்டாம், இந்த இடத்துல மட்டும் அடிச்சாப் போதும்” என்றார். அவர் நல்ல மனிதர். மருந்தைக் குறைப்பதே அவர் வாழ்நாள் ஆசை. வரைபடம் அவர் குறிப்போடு மாவட்டத்துக்குப் போனது.

அங்கிருந்து திரும்பி வந்தபோது அதற்கு வேறு முகம் இருந்தது. விசைத்தெளிப்பான் கொண்டு உயர மரங்களில் மருந்தடிப்பதால், கீழே குடியிருப்பவர்களைப் பத்து நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் தங்க வைக்க வேண்டும்; இதற்குத் தாசில்தார் ஏற்பாடு செய்வார்; சம்பந்தப்பட்டவர்களின் கூட்டம் தாலுகா அலுவலகத்தில் நடக்கும்.

அந்தச் செய்தி கரைக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். யாரும் கூச்சல் போடவில்லை. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது. அடுப்பு எரிந்துகொண்டிருந்த குடிசைகளில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. ஒரு வயதானவர் மட்டும், “பத்து நாளா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுத் தன் கூரையைப் பார்த்தார்.

மிராசுதார் மோட்டார் சைக்கிளில் வந்து என் அருகே நிறுத்தினார். வெள்ளை வேட்டி, ஆளுங்கட்சிக் கரை போட்ட துண்டு, மிகவும் மென்மையான குரல்.

“ரொம்ப நல்ல காரியம் பண்ணுனீங்கம்மா. பாவம், இந்தப் புழுவுல கெடந்து சனங்க படுற பாடு. பத்து நாள்தானே. பள்ளிக்கூடத்துல இருக்கட்டும். சாப்பாட்டுக்கு அரிசி நான் குடுத்துர்றேன்.”

“திரும்பி வர்றதுல ஒண்ணும் பிரச்சனை இருக்காதுல்லங்க?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“மருந்தடிச்ச எடத்துல மறுபடி குடிசை போடலாமா, கூடாதான்னு ஆபீசருங்க சொல்லுவாங்க. அதுல நாம தலையிடலாங்களா?” என்று சிரித்தார். வண்டியைக் கிளப்பும் முன் அந்தச் சரிவை ஒரு முறை, அகலம் அளப்பதுபோல், பார்த்துவிட்டுப் போனார்.

என் வரைபடத்தை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டதுபோல் இருந்தது. ஆனால் அதில் இருந்த ஒவ்வொரு புள்ளியும் என் எண்ணிக்கைதான். அதில் தவறு எதுவும் இல்லை என்றே நம்பினேன். அந்த நம்பிக்கைதான் பயத்தைக் கூட்டியது. புழு உண்மையிலேயே அங்கே வருமானால், மருந்து உண்மையிலேயே தேவையானால், நான் எந்த முகத்தோடு வேண்டாம் என்பேன்?

மாதம் ஒருமுறை ரப்பர் துண்டுகளை மாற்றும் முறை மறுவாரம் வந்தது. மேற்குக் கோடியில் முதல் பொறியின் மூடியைத் திறந்தேன். துண்டு இல்லை. காக்கை கொத்தியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவதிலும் இல்லை. அதற்கு மேல் மூடிகளை நிதானமாகத் திறக்க முடியவில்லை. கரையில் ஏறக்குறைய ஓடினேன். சரிவின் ஓரத்துத் தேக்கில் தொங்கிய பொறியைத் திறந்தபோது உள்ளே ஒரு சரம் இருந்தது. ஐந்தாறு ரப்பர் துண்டுகளை வாழைநாரில், கதம்பம் கட்டும் அதே முடிச்சில், அழகாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அடுத்த பொறியிலும் ஒரு சரம். அதற்கடுத்ததிலும்.

எண்ணிக்கைக்காக இருந்ததைக் குடிசைக்காரர்கள் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு துண்டுக்கு இவ்வளவு பூச்சி விழுந்தால், ஆறு துண்டுக்கு எல்லாப் பூச்சியும் விழுந்துவிடும். அப்புறம் தொட்டிலில் எது விழும்? ஆளில்லாத கரையில் தொங்கும் வாசனையால் யாருக்கு என்ன பயன்? அவர்கள் இடத்திலிருந்து யோசித்தால் அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்து ஆண் அந்துகளையெல்லாம் அந்தச் சரங்கள் குடிசைகளுக்கு இழுத்துவிட்டன. என் மாதிரி அதை நம்பிக் கறுப்புப் புள்ளி போட்டது. குழந்தைகளைக் காக்கச் செய்த காரியமே, அவர்களை அங்கிருந்து கிளப்புவதற்கான ஆதாரமாகிவிட்டது.

முதல் குடிசைக்காரி வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த சரத்தைப் பார்த்ததும் முறம் நின்றது.

“திருடலைங்க. இங்கதானே வச்சிருக்கோம்.”

நான் நடந்ததைச் சொன்னேன். அவளுக்குப் புரியும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன். புரிந்த கணம் அவள் முகத்தில் தெரிந்தது. முறத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப அந்தப் படத்துல எங்க எடத்தைக் காட்டுனது நாங்களேவா?”

“கூட்டத்துல நான் சொல்லிடறேன். படம் தப்புன்னு சொன்னா மருந்தடிக்கிறது நின்னுடும்.”

“எப்புடித் தப்பாச்சுன்னு கேப்பாங்கல்ல?” அவள் எழுந்துவிட்டாள். “கவர்மெண்ட் சாமானுல கை வச்சோம்னு கேசு எழுதுவாங்க. ஸ்ட்ரைக்குக்குப் போட்ட கேசே இன்னும் வாய்தா வாய்தான்னு இழுக்குது. இன்னொண்ணு போட்டா ஆம்பளைங்கள அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க. சொல்லாட்டி குடிசை போவுது. சொன்னா ஆளு போவுது. நீங்க படிச்சவங்கதானே, எதைப் போவ விடலாம்னு நீங்களே சொல்லுங்க.”

அவள் அழவில்லை. உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, என்னைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேட்டூரில் திறந்த தண்ணீர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. கலங்கலாக, நுரையும் சருகுமாக ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலரிடம் சரத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத வெளிய சொன்னா நம்ம ரெண்டு வருச டேட்டாவும் போச்சும்மா. யார் எடுத்தாங்கன்னு கேப்பாங்க. பேரு சொல்லணும். சொல்லலைன்னா உங்களுக்குத்தான் மெமோ.” சற்றுப் பொறுத்து, “கூட்டத்துக்கு நான் வர்றேன். ஆனா பேசறது நீங்கதான்” என்றார். அது ஆதரவா, ஒதுங்கலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தாலுகா அலுவலகத்தில் மின்விசிறி சுற்றியும் காற்று வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் தாசில்தார். ஒருபுறம் மிராசுதாரும் அவரோடு வந்த சிலரும். மறுபுறம் சங்கத்துத் தோழர் ஒருவரும் குடிசைக்காரர்களும். முதல் குடிசைக்காரி குழந்தையோடு கதவோரம் நின்றாள். என் வரைபடம் மேசை நடுவே, காகித எடைக்குக் கீழே, விரிந்து கிடந்தது. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“சொல்லுங்கம்மா. என்னைக்கு அடிக்கலாம்?” என்றார் தாசில்தார்.

எழுந்தேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்தப் படத்தை வெச்சு எதுவும் செய்ய முடியாதுங்க சார். பொறிகள்ல வாசனைத் துண்டு எல்லா இடத்திலயும் ஒரே அளவுல இல்ல. நடுவுல அதிகமா இருந்திருக்கு. அதனால இது புழு வரப்போற இடத்தைக் காட்டல. துண்டு அதிகமா இருந்த இடத்தைக் காட்டுது. இந்த முன்னறிவிப்பை நான் திரும்ப வாங்கிக்கிறேன்.”

அறையில் சலசலப்பு எழுந்தது. மிராசுதார் அதே மென்மையான குரலில் கேட்டார். “எப்புடிம்மா நடுவுல மட்டும் அதிகமாச்சு? யாராச்சும் கை வச்சாங்களா?”

கதவோரம் குழந்தை சிணுங்கியது. அவள் அதன் வாயைப் பொத்தியதை நான் பார்க்காமலே உணர்ந்தேன்.

“பொறிகளுக்குப் பொறுப்பு நான். என்ன நடந்ததுன்னு என் நிலையத்துக்கு நான் எழுதிக் குடுப்பேன். இங்க முடிவு பண்ண வேண்டியது மருந்தடிக்கலாமா வேண்டாமாங்கிறது மட்டும்தான்.”

“அப்ப கை வச்சிருக்காங்க” என்றார் அவர், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து.

“ஐயாவுக்குப் பூச்சி மேல எம்புட்டு அக்கறை பாத்தீங்களா தோழரே!” என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது. மிராசுதாரின் ஆள் ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். சங்கத்துத் தோழர் கையை உயர்த்தித் தம் ஆட்களை உட்காரச் சொன்னார். அந்தச் சில நொடிகளில், நான் சொன்ன சொல்லால் இந்த அறையில் ஒருவர் தலை உடையப்போகிறது என்று உறுதியாக நம்பினேன்.

தாசில்தார் மேசையைத் தட்டினார். “ஏம்மா, அப்ப புழு வராதுங்கிறீங்களா?”

“வரும் சார். கரை முழுக்கவே வரலாம். ஆனா ஒரு தடவை இலை போனதால தேக்கு சாகாது. மறுபடி தளிர்க்கும். மருந்தடிச்சா ஆத்துல விழும். இப்ப புதுத்தண்ணி வந்திருக்கு. கீழ அத்தனை ஊரும் அதுலதான் குளிக்குது, மாடு குடிக்குது.”

“மரம் பட்டுப்போனா?”

நான் வாய் திறக்கும் முன், அதுவரை பேசாதிருந்த எங்கள் அலுவலர், “அந்தம்மா சொல்றது சரிதான் சார். அடிக்க வேண்டாம்னு நானே எழுதித் தர்றேன்” என்றார்.

வெளியே வந்தபோது மிராசுதார் வேப்பமரத்தடியில் வண்டியருகே நின்றிருந்தார். “தனியா கரையில நடக்குறீங்க. தேக்கஞ்சருகுக்குள்ள பாம்பு கெடக்கும். பாத்து நடங்கம்மா” என்றார். அக்கறையோடுதான் சொன்னார் என்று யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம். அதன்பிறகு நான் கரையில் நடந்த ஒவ்வொரு முறையும் பின்னால் வரும் வண்டிச் சத்தத்துக்கு ஒதுங்கி, மரத்தோடு ஒட்டி நின்றேன்.

புழு வந்தது. கரை முழுவதும் வந்தது. குடிசைகளின் மேல் கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. தேக்கு இலைகள் சல்லடையாகி, பிறகு வலையாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போயின. புழுவின் எச்சம் கீற்றுக் கூரைகளின் மேல் பகலெல்லாம் தூறல்போல் விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கமே போயிற்று. நான் சொன்னதை நம்பித்தான் இவர்கள் இதன் அடியில் இருக்கிறார்கள். மரம் மறுபடி தளிர்க்காவிட்டால், ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்த அறையில் என்னைக் கேள்வி கேட்ட ஒவ்வொரு முகமும் திரும்பி வரும். அந்தப் பருவத்தின் எண்ணிக்கை முழுவதையும் மாதிரியிலிருந்து நீக்கினேன். அதற்கான மெமோவும் வந்தது.

குடிசைக்காரர்கள் அந்த நாட்களில் ஒரு முறையைக் கைக்கொண்டார்கள். குறுவை நடவு தொடங்கிவிட்டது. வேலைக்குப் போயாக வேண்டும். ஆனால் ஒரு வீட்டைக்கூட ஆளில்லாமல் விட்டுப் போவதில்லை. புழுவுக்குப் பயந்து காலி செய்துவிட்டார்கள் என்று யாராவது எழுதிவிட்டால் தீர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியும். பகலில் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் குடையோ சாக்கோ தலைக்கு மேல் பிடித்தபடி, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

முதல் குடிசையில் ஒருநாள் ஆள் முறை தவறிவிட்டது. கணவன் வாய்தாவுக்குப் போயிருந்தான். நடவுக்கு வரச்சொல்லி வரப்பிலிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

“செத்த ஒக்காந்திருக்கீங்களா? மதியக் கஞ்சிக்கு வந்துர்றேன்.”

உட்கார்ந்தேன். தொட்டிலின் மேல் பழம்புடவையை இரட்டையாகப் போர்த்தியிருந்தாள். புழுக்கள் நூலில் இறங்கி, காற்றில் ஆடி, அந்தப் புடவையின் மேல் விழுந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே எறிந்துகொண்டிருந்தேன். முற்பகலில் கரையில் ஒரு ஜீப் வந்தது. குடிசைகள் எதிரே வேகம் குறைந்து, முதல் வாசலில் நின்றது. வருவாய்த்துறைக்காரர் ஒருவர் இறங்காமலே தலையை நீட்டினார்.

“இங்க ஆளு யாரும் இல்லையா? காலி பண்ணிட்டாங்களா?”

கையில் இருந்த புழுவை எறிந்தேன். ஒரு கணம் தாமதித்தாலும் அவர் மடியில் இருந்த பேனா நகர்ந்துவிடும் என்று தோன்றியது.

“ஆளு இருக்குங்க. வீட்டுக்காரங்க நடவுக்குப் போயிருக்காங்க. குழந்தை தூங்குது.”

“நீங்க யாரு?”

“வீட்டைப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவர் என்னையும், என் தலையில் ஊர்ந்த புழுவையும், தொட்டிலையும் பார்த்தார். அடுத்தடுத்த வாசல்களில் இருந்தவர்கள் குடைகளோடு எழுந்து நின்றார்கள். ஜீப் கிளம்பி, ஒவ்வொரு வாசலாக மெதுவாகக் கடந்து போனது. அது வளைவில் மறைந்தபிறகு, தொட்டில் புடவையில் விழுந்த புழுக்களை மறுபடி எடுக்கத் தொடங்கினேன்.

சேறு காயாத காலோடு அவள் ஓடி வந்தாள். வயலிலிருந்தே ஜீப்பைப் பார்த்திருக்கிறாள். தொட்டிலை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

“பயந்துட்டீங்களா?”

“ஆமா.”

“எனக்கும்தான். நாத்தைத் தலகீழா நட்டுட்டு வந்திருப்பேன் போலருக்கு” என்றாள். சிரிக்க முயன்று, முடியாமல், வாசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. “பூச்சிக்காரம்மா, அங்க முடிஞ்சிருச்சுன்னா எங்க வாசல்லயும் செத்த ஒக்காருங்களேன். ஒரு கொடம் தண்ணி எடுத்தாந்துர்றேன்.”

தலையில் ஊர்ந்த புழுவைத் தட்டிவிட்டேன். எழுந்து, அந்த வாசலுக்குப் போய் உட்கார்ந்தேன்.